சார்ஜாவில் சம்பளம், ஊரில் சென்ட்ரிங்: வெளிநாட்டுப் பணத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு

முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் சார்ஜாவில் கம்பி கட்டுகிறார். பணம் அங்கிருந்து வந்தது, கூடவே நின்று வீட்டைக் கட்டியது நான். இப்போது தெருவில் யார் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அனுப்புகிற அண்ணன்மாரும் படியுங்கள், இங்கே வெயிலில் நிற்கிற தங்கச்சிகளும் படியுங்கள்.

முதலில் மண் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பக்கம் நிறையப் பேர் மாமனார் பெயரில் உள்ள இடத்தில்தான் கட்டுகிறார்கள். அவர் இருக்கிறவரை ஒரு பிரச்சினையும் வராது. அதற்கப்புறம் கொழுந்தன், நாத்தனார் எல்லாருக்கும் அந்த மண்ணில் பங்கு உண்டு. மேலே நிற்கிற வீடு யார் பணம் என்று அப்போது பஞ்சாயத்து வைப்பீர்களா? செட்டில்மெண்டோ (குடும்பத்துக்குள் எழுதிக் கொடுக்கிற பத்திரம்) பாகப்பிரிவினையோ பதிந்து, பட்டாவையும் மாற்றிவிட்டு, பிறகு செங்கல் இறக்குங்கள். மாமனார் நல்லவர்தான். பத்திரம் அவரைவிட நல்லது.

புதிதாக மனை வாங்குவதென்றால் இன்னொரு விஷயம். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர் என்ஆர்ஐ, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் என்ற கணக்கில் வருகிறார். அவர் வீட்டுமனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இவற்றை விலைக்கு வாங்க ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம் விடாது. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "புஞ்சைதான்க்கா, சும்மா கல்லு நட்டுப் பிளாட் போட்டிருக்கு" என்று புரோக்கர் சொன்னால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணைக் கேளுங்கள். முன்பே மனையாகப் பதிவாகாத, அங்கீகாரமும் இல்லாத பிளாட்டைப் பதிய 2016 முதல் தடை இருக்கிறது. வில்லங்கச் சான்று, பட்டா, எஃப்எம்பி என்கிற நில அளவை வரைபடம் மூன்றும் ஆன்லைனிலேயே கிடைக்கும். புரோக்கர் கொடுக்கிற நகலை நம்பாமல் நீங்களே எடுங்கள்.

கிரயத்தை மனைவி பெயரில் பதியலாம். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. கணவர் பெயரில்தான் வேண்டும் என்றால், அவர் அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் (தனக்காக ஊரில் ஒருவர் செயல்பட அதிகாரம் தருகிற பத்திரம்) எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரில் வாங்குகிற, கட்டுகிற அதிகாரம் போதும். விற்கிற அதிகாரம் யாருக்கும் வேண்டாம். எனக்கே எங்கள் வீட்டுக்காரர் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

பணம் என்ஆர்இ கணக்குக்கு, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் நம் ஊர் வங்கியில் வைக்கிற கணக்குக்கு வரட்டும். அந்த வட்டிக்கு இங்கே வருமான வரி கிடையாது. வங்கியில் மேண்டேட் (அனுமதிக் கடிதம்) எழுதிக் கொடுத்தால் ஊரில் இருக்கிற மனைவி அதிலிருந்து செலவுக்கு எடுக்கலாம். உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் அனுப்பினால் ரேட்டு கொஞ்சம் கூடக் கிடைக்கும், ஆனால் சட்டத்துக்கு விரோதம். நாளைக்கு லோனுக்குப் போனாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட ஒரு சீட்டு இருக்காது. வீட்டுச் செலவுக் கணக்கும் கட்டடக் கணக்கும் வேறு வேறாக இருக்கட்டும். ஒன்றாக வைத்தால் சித்தி மகள் சடங்குக்கே ஒரு லோடு செங்கல் போய்விடும்.

எவ்வளவு பெரிய வீடு? பக்கத்து வீட்டுப் போர்டிகோவைப் பார்த்து முடிவு பண்ணாதீர்கள். விசாவைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். கம்பெனி நாளைக்கே அவரை அனுப்பிவிட்டால், கட்டினவரையில் குடும்பம் படுத்துத் தூங்க முடியுமா? முடியாது என்றால் பிளான் பெரிசு. கீழ்த்தளத்தை முழுதாக முடியுங்கள். எலிவேஷன் (முகப்பு அலங்காரம்), கிரானைட், மாடி எல்லாம் அடுத்த லீவுக்கு. மாடிக்காக விட்ட தூண் கம்பியை அப்படியே வானத்தைப் பார்க்க விடாமல் மெல்லிய காங்கிரீட்டால் மூடி வையுங்கள். எங்கள் ஊர் உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துரு ஏறிவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். ராமநாதபுரம் ஜில்லாவில் பல இடத்தில் போர்வெல் தண்ணீர் கரிக்கும். அதில் காங்கிரீட் போட்டால் உள்ளே இருக்கிற கம்பியை உப்பு அரிக்கும். சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். தேறாவிட்டால் நல்ல தண்ணீர் டேங்கர் வாங்குங்கள், யோசிக்காதீர்கள். மண் கரிசலாக இருந்தால் மழைக்கு வீங்கும், வெயிலுக்கு வெடிக்கும். கடைக்கால் எவ்வளவு ஆழம் என்பதை இன்ஜினியர் சொல்லட்டும், டீக்கடை சொல்லவேண்டாம். மண்ணுக்குள் போகிற காசு யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்காகவே அங்கே குறைப்பார்கள்.

கம்பி விஷயம் எங்கள் வீட்டுக்காரர் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லாரி வந்ததும் எடைச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டு இறக்கச் சொல்லாதீர்கள். எண்ணுங்கள். கம்பியின் மில்லிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ. முழுக் கம்பி 12 மீட்டர் நீளம், ஆக ஒன்று பத்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டன்னுக்குச் சுமார் 94 கம்பி இருக்கவேண்டும். 8 எம்எம் என்றால் சுமார் 211. நாலைந்து முன்னே பின்னே இருக்கலாம். பத்துப் பதினைந்து குறைந்தால் கடைக்காரரிடம் அங்கேயே கேளுங்கள். நான் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது டிரைவர் சிரித்தார். அடுத்த லோடுக்கு அவரே எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேஸ்திரியிடம் பேசும்போது சதுர அடி ரேட்டோடு நிறுத்தாதீர்கள். செப்டிக் டேங்க், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), சன்ஷேடு, படிக்கட்டு, லாஃப்ட் (பரண்) இதெல்லாம் அந்த ரேட்டில் சேர்த்தியா, எக்ஸ்ட்ராவா என்று எழுதி வாங்குங்கள். சண்டை முழுக்க அந்த "எக்ஸ்ட்ரா"வில்தான் வரும். பணத்தைத் தேதி பார்த்துக் கொடுக்காமல் வேலை பார்த்துக் கொடுங்கள்: பேஸ்மெண்ட் (வீட்டின் அடிமேடை) முடிந்தால் இவ்வளவு, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வருகிற பீம்) மட்டத்துக்கு இவ்வளவு, தளத்துக்கு, பூச்சுக்கு. கடைசியில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். "ஒரு மழை பாத்துட்டுத் தர்றேன்ணே" என்றேன். எங்கள் மேஸ்திரி முணுமுணுத்தார், ஆனால் மாடியில் தண்ணீர் ஓட்டத்தை அவரே இன்னொரு முறை சரிபார்த்தார். ஒவ்வொரு கட்டத்திலும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், படத்தில் அளக்கிற டேப் தெரியவேண்டும். டேப் இல்லாத படத்தை எங்கள் வீட்டுக்காரர் கணக்கிலேயே சேர்க்கமாட்டார்.

மேல்தளம் போடுகிற வாரத்தில்தான் பணம் மொத்தமாகக் கரையும். அங்கே இருப்பவர் போனஸ், சீட்டுப் பணம் எதுவாக இருந்தாலும் அந்த வாரத்துக்குத் தயாராக வைத்திருக்கவேண்டும். இல்லையென்றால் நகை அடகுக்குப் போகும். தை மாதம் வேலை தொடங்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் தளம் போட்டு முடிந்துவிடும். தளம் போடும்போது மூன்றைப் பாருங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்துகிற சின்னக் கட்டை) இருக்கிறதா. ஐந்து அங்குலக் கனத்துக்கு 100 சதுர அடிக்கு ஒன்பது, பத்து மூட்டை சிமெண்ட் போகும், பீமுக்குத் தனி. சாயந்தரம் காலிச் சாக்கை எண்ணினால் கணக்குத் தெரிந்துவிடும். மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, பிபிசி (மூட்டையில் அப்படி எழுதியிருக்கும் கலப்பு வகை) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் காயவிடாதீர்கள். பீமுக்கு அடியில் இருக்கிற முட்டுகளை 14 நாளுக்கு முன்னால் தொடவேண்டாம். பீம் 20 அடியைத் தாண்டினால் 21 நாள். பலகையும் முட்டும் வாடகைக்குத் தருகிற சென்ட்ரிங்காரர் அடுத்த வீட்டுக்குச் சாமான் வேண்டும் என்று அவசரப்படுத்துவார். நாள் வாடகை கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது மலிவு.

பால் காய்ச்சியதும் ஊராட்சியில் வீட்டு வரி ரசீது போட்டு வாங்குங்கள். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற அந்த வாரமே எழுதிக் கொடுங்கள். தள்ளிப்போட்டால் நீங்கள் குடியிருக்கிற வீட்டுக்கும் கட்டட வேலை ரேட்டிலேயே பில் வந்துகொண்டிருக்கும்.