மந்திரத்துக்கு விலை வையுங்கள்: சிறுவர் மாயக்கதை எழுதுவது எப்படி?

கும்பகோணத்தில் பிறந்து, 1998இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவள் நான். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். அந்தப் பிள்ளைகளுக்காக இதுவரை மூன்று மாய நாவல்கள் எழுதியாயிற்று. மூன்றும் ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேப்ளர் அடித்தவைதான். "நானும் எழுதணும், எங்கே ஆரம்பிக்கிறது?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது.

முதலில் ராஜகுமாரி, கோட்டை, ஏழு கடல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, பார்த்துப் பழகியதாலேயே கண்ணில் படாமல் போன ஒன்றைப் பிடியுங்கள். எனக்குக் கிடைத்தது ஓர் எண். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனுக்கு வந்தது. அப்படிக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களை ஆளுக்கோர் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினார்கள். என் மாமியார் தம் தாத்தாவின் எண்ணை ஒரு சீட்டில் எழுதிச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகியிருந்தார். போதாக்குறைக்கு எங்கள் பகுதியில் பல தெருக்களுக்கும் எண்தான் பெயர். சரி, அந்தக் கப்பல் எண்ணைக் கரும்புக்காட்டில் நின்று உரக்கச் சொன்னால் கரும்பு பதில் பேசும் என்று வைத்துக்கொண்டேன். சொல்லப் போகிறவள் பத்து வயது தேவி.

அடுத்தது விலை. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நினைத்தபோதெல்லாம் மந்திரம் பலித்தால் பிள்ளைகள் நாலாம் பக்கத்திலேயே கொட்டாவி விடுவார்கள். எது போனால் அந்தப் பாத்திரத்துக்கு வலிக்குமோ, அதையே விலையாக வையுங்கள். தேவி எண்ணைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவளுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் ஒன்று மறந்துபோகும். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவள். அவளிடம் இருப்பதே நூறு சொல். ஆயாவோடு பேச அந்த நூறை விட்டால் வேறு வழியில்லை. (முதலில் நான் 'பாட்டி' என்றுதான் எழுதியிருந்தேன். "அது யாரு?" என்று கேட்டார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அவர் ஆயா.)

விலை வைத்தால் கணக்கும் வைக்க வேண்டும். மளிகைக் கடைக் கடன் நோட்டு மாதிரி ஒன்று போடுங்கள்: எந்த அத்தியாயம், எந்த மந்திரம், என்ன போனது. முதல் நாவலில் நான் போடவில்லை. நாலாம் அத்தியாயத்தில் 'கிணறு' போய்விட்டது. ஒன்பதாம் அத்தியாயத்தில் தேவி சர்வசாதாரணமாக, "கிணற்றுக்குள் எட்டிப் பார்" என்கிறாள். வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது பின் வரிசைப் பையன் ஒருவன், "ஆன்ட்டி, அந்த வார்த்தைதான் போயிடுச்சே!" என்றான். மானம் போனது. அன்றிரவே அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். இப்போது தேவி, "அந்த... தண்ணி இருக்குமே, ஆழமா, வட்டமா..." என்று கையால் வட்டம் போட்டுக் காட்டுகிறாள். அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

பெரியவர்களை எப்படி ஓரங்கட்டுவது? அம்மா பக்கத்தில் இருந்தால் சாகசம் எங்கே நடக்கும், "ஜெர்சி போட்டுக்கோ" என்பாள். பிள்ளையை அநாதையாக்கிவிடுவது பழைய வழி, எனக்குப் பிடிப்பதில்லை. நான் லோட் ஷெடிங்கைப் பிடித்துக்கொண்டேன். கரண்ட் போகும், பெரியவர்கள் மெழுகுவத்தி தேடுவார்கள், திரும்ப வரும்வரை இரண்டு மணி நேரம்தான் மந்திரத்துக்குக் கெடு. 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் லோட் ஷெடிங்கே இல்லை. ஊருக்கு நிம்மதி, என் ஏழாம் அத்தியாயத்துக்குத் திண்டாட்டம்.

மாய உலகத்தைப் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. மாரியம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றும்போது இங்கே குளிர்காலம். பொங்கலன்று வேர்த்துக் கொட்டும். டொங்காட் பக்கம் கரும்பை வெட்டுமுன் தீ வைத்துத் தோகையை எரிப்பார்கள். கறுத்த சாம்பல் பறந்து வந்து கொடியில் காயும் துணிமேல் விழும். அங்கே என் மாமியார் வீட்டில் எத்தனை வெள்ளை வேட்டி பாழாகியிருக்கிறது! கதையில் அந்தச் சாம்பல் துண்டு ஒவ்வொன்றிலும் தேவி தொலைத்த ஒரு சொல் ஒட்டியிருக்கிறது. யாருடைய துணியில் எது விழுந்தது என்று அவள் வீடு வீடாகத் தேடிப் போகிறாள்.

அடுத்தவர் வீட்டு மாயத்தை எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். இந்த நாட்டு ஜூலு மக்கள் நம்பும் டோக்கலோஷி என்ற குள்ளப் பிசாசுக்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்துவார்கள் என்று கேள்விப்பட்டதும் என் கை துறுதுறுத்தது. எங்கள் தெருவுக்குக் கீரை விற்க வரும் ஜூலு அம்மாவிடம் விசாரித்தேன். இருட்டியபின் அந்தப் பெயரைச் சொல்லாதே என்றார். சிரிக்காமல் சொன்னார். விட்டுவிட்டேன். நம் முனீஸ்வரனை யாராவது கோமாளியாக்கினால் சும்மா இருப்போமா?

நடைக்குப் பெரிய சூத்திரம் ஏதும் இல்லை. வாய்விட்டு வாசியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வெட்டுங்கள்.

எழுதி முடித்ததும் பெரியவர்களிடம் காட்டாதீர்கள்; "நல்லா இருக்கு" என்பார்கள், வேறெதற்கும் உதவாது. இந்த நாட்டு ப்ளூம்ஃபான்டீனில் 1892இல் பிறந்தவர் டோல்கீன். அவருடைய 'தி ஹாபிட்' என்ற மாயக்கதை 1937இல் வெளிவருமுன், பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கைப்பிரதியைத் தம் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். 5 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று எழுதிக் கொடுத்தான் பையன். அதைப் பார்த்துத்தான் நானும் பக்கத்து வீட்டுப் பதினொரு வயதுப் பெண்ணை அத்தியாயத்துக்கு 20 ராண்ட் (இந்த நாட்டுப் பணம்) என்று அமர்த்தினேன். கூலி வாங்கினால் பிள்ளைகள் முகதாட்சணியம் பார்ப்பதில்லை. அவள் முதல் வாரம் எழுதிக் கொடுத்த ஒரே வரி: "தேவி எப்பதான் சாப்பிடுவா?"

அதனால் ஐந்தாம் அத்தியாயத்தில் தேவிக்குப் பீன்ஸ் பன்னி வாங்கிக் கொடுத்தேன். பன்னி என்றால் ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது. கும்பகோணத்துக்காரிக்கு அந்தப் பெயரைச் சிரிக்காமல் சொல்லவே ஒரு வருஷம் ஆனது. போன வாரம் அடுத்த குறிப்பு வந்திருக்கிறது: தேவி அதை ஸ்பூனால் சாப்பிடுகிறாளாம், யாரும் அப்படிச் சாப்பிட மாட்டார்களாம்.