வடசென்னையின் நில உபயோக விதிகளைத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த, சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2026ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டது. அதற்கு அடுத்த முழுமைத் திட்டம், எந்த சர்வே எண்ணில் வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே பட்டறையும் கிடங்கும் வரலாம் என்பதை மறுபடியும் தீர்மானிக்கப் போகிறது. வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த வடசென்னையில், இந்தத் திருத்தத்தில் நேரும் ஒவ்வொரு பிழையும் யாரோ ஒருவரின் பிழைப்பைக் கெடுப்பதில் போய் முடியும்.

கலந்திருப்பதையெல்லாம் ஒழுங்கீனம் என்று கருதுவதே முதல் தவறு. பழைய வண்ணாரப்பேட்டையில் கீழே துணிக்கடை, மேலே குடும்பம். காசிமேட்டில் வீட்டு வாசலிலேயே வலை பின்னுவதும் கருவாடு காய்வதும் உண்டு. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் முன்னறையில் தையல் இயந்திரம் ஓடுகிறது. இவற்றை ‘ஆதாரக் குடியிருப்பு’, அதாவது முதன்மையாக வீடுகளுக்கே உரிய பகுதி, என்று வரைபடத்தில் ஒரே நிறத்தில் பூசிவிட்டால், நேற்றுவரை யாருக்கும் தொல்லை தராத தொழிலும், அனுமதிப் பட்டியலில் இல்லாவிட்டால், ஒரே நாளில் விதிமீறலாகி, அபராதத்துக்கும் பூட்டு போடுவதற்கும் ஆளாகிறது. தொழில்களின் பெயர்களை வரிசையாக எழுதி அனுமதிப்பதைவிட, சத்தம், புகை, கழிவு, வந்துபோகும் வண்டிகள், வேலை நேரம் ஆகியவற்றுக்கு வரம்பு வைப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. பெயர்ப் பட்டியல் எவ்வளவு நீண்டாலும் தெருவில் புதிதாக ஒரு தொழில் முளைத்துவிடும். இரவு பத்து மணிக்கு மேல் இயந்திரம் ஓடக்கூடாது என்ற வரம்போ எந்தத் தொழிலுக்கும் பொருந்தும்.

அந்தத் தவறோடு ஒட்டிப் பிறந்தது, சிறியவரிடம் கண்டிப்பும் பெரிய ஆலையிடம் தளர்வும் காட்டுவது. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்குகிறது; அதைச் சுற்றி உரமும் பெட்ரோ ரசாயனமும் வந்தன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளில் ஒன்றாகப் பட்டியலிட்டது. 2023 டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மீனவக் குடும்பங்கள் மூச்சு முட்டி வீதிக்கு ஓடிவந்தன. வரைபடத்தில் தொழிற்சாலைப் பகுதிக்கும் குடியிருப்புக்கும் நடுவே இருப்பது ஒரு கோடுதான்; வாயு அந்தக் கோட்டில் நிற்காது. ஆகவே இரண்டுக்கும் இடையே எத்தனை மீட்டர் இடைவெளி, அதில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்பதை விதியே சொல்ல வேண்டும். அந்த இடைவெளியை ஆலை வளாகத்துக்குள்ளிருந்து எடுக்க வேண்டும். குப்பத்துக்காரர்களின் பக்கத்திலிருந்து எடுத்தால், ஆலைக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் தங்கள் வீட்டின் மேல் ஒரு தளம்கூடக் கட்ட முடியாத நிலைக்குத் தள்ளப்படுவார்கள்.

மூன்றாவது, ரயில் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கட்டடத்தின் அளவை உயர்த்துவது. மெட்ரோ 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. நிலையங்களை ஒட்டிக் கூடுதல் தளப்பரப்புக் குறியீடு (மனையின் அளவுக்கு எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) தருவது நியாயமே. ஆனால் கழிவுநீர்க் குழாயும் குடிநீரும் எத்தனை வீடுகளைத் தாங்கும் என்று பார்க்காமல் தந்தால், மழைக்காலத்தில் அதன் விளைவைத் தரைத்தளத்தில் வாடகைக்கு இருப்பவர்களே சுமப்பார்கள். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கட்டடத்தின் அளவைச் சாலையின் அகலத்தோடு இணைக்கின்றன. புதிய மனைப்பிரிவுக்கு அது நல்ல விதி. ஒரு லாரி நுழைய முடியாத பழைய சந்துகளுக்கும் அதை அப்படியே நீட்டினால், அரை கிரவுண்டில் இடிந்து நிற்கும் வீட்டை முறைப்படி திருப்பிக் கட்ட வழியின்றிப் போகிறது. மக்கள் அனுமதியின்றிக் கட்டத் தொடங்குவது பெரும்பாலும் இப்படித்தான்.

நீர்நிலைகளைக் காலி மனையாக வரைபடத்தில் காட்டுவதைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகம், பக்கிங்காம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய் ஆகியவற்றின் கரைகளை இன்றைய கட்டடங்களைக் கொண்டு வரையக்கூடாது, பழைய நில அளவைப் பதிவேடுகளைக் கொண்டு வரைய வேண்டும்.

குடியிருப்போர் பக்கமும் சில தவறுகள் நேர்கின்றன. முதலில் சொல்லே குழப்புகிறது. மாநகராட்சியின் ‘மண்டலம்’ என்பது திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம் என்ற நிர்வாகப் பிரிவு. நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று குறிக்கும் நில உபயோக மண்டலம் அதனோடு தொடர்பில்லாதது. இரண்டாவது, சொத்து வரி ரசீது, வணிக மின் இணைப்பு, தொழில் உரிமம் ஆகியவை கையில் இருந்தால் போதும் என்று நம்புவது. இவற்றில் எதுவும் திட்ட அனுமதி ஆகாது. பட்டா நிலம் யாருடையது என்பதைச் சொல்லும், அதில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லாது. மூன்றாவது, ‘எங்கள் பகுதிக்குப் பாதிப்பு’ என்று பொதுவாக ஆட்சேபனை எழுதுவது. தெருப் பெயரோடு பிளாக் எண், சர்வே எண், இப்போதைய பயன்பாடு, அது எத்தனை ஆண்டுகளாக நடக்கிறது, எந்த வகைப்பாடு வேண்டும் என்பவற்றை எழுதிக் கொடுத்து ஒப்புகை பெற்றால்தான் அந்தக் கடிதத்துக்குக் குறிப்பான பதிலைக் கேட்க முடியும்.

கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துவோர் நேரத்தையும் இடத்தையும் யோசிக்க வேண்டும். வேலை நாளின் முற்பகலில் எழும்பூரில் கூட்டினால், விடியும் முன்பே மீன் ஏலத்துக்குப் போன பெண்களால் அங்கே வர இயலாது. காசிமேட்டிலேயே, மாலை ஆறு மணிக்கு மேல், முடிந்தால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில், அந்தந்தத் தெருவின் வரைபடத்தைத் தமிழ்க் குறிப்புகளோடு சுவரில் ஒட்டி வைத்துக் கேட்க வேண்டும்.