4 டிகிரியை மட்டும் நம்பினால் இப்படித்தான்: நீரின் அடர்த்தியில் செய்யும் தவறுகள்

தண்ணீருக்கு அடர்த்தி மிக அதிகமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். பள்ளியில் படித்த இந்த வரி சரிதான், ஆனால் நல்ல தண்ணீருக்கு மட்டும். அதைக் கடலுக்கும் அப்படியே பொருத்துவதுதான் முதல் தவறு. உப்பு சேரச் சேர அந்த 4 டிகிரி இறங்கிக்கொண்டே போகும். உறைநிலையும் இறங்கும், ஆனால் அவ்வளவு வேகமாக இல்லை. கிலோவுக்குச் சுமார் 25 கிராம் உப்பு என்ற அளவில் இரண்டும் ஒன்றாகிவிடும். கடலில் பொதுவாக 35 கிராம் இருக்கிறது. அதனால் கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி வாக்கில் உறையும்வரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டேதான் இருக்கும். ஏரியின் அடியில் 4 டிகிரி நீர் தங்கி மீன்கள் பிழைக்கும் கதை அங்கே செல்லாது.

அடுத்தது, 'சூடான நீர் மேலே, குளிர்ந்த நீர் கீழே' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது. உப்பு ஒரே அளவில் இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். இல்லாவிட்டால் கணக்கே மாறும். நல்ல தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அடர்த்தி லிட்டருக்கு 1.4 கிராம்தான் குறைகிறது; ஒரு லிட்டரில் இரண்டு கிராம் உப்பைப் போட்டால் அதைச் சரிக்கட்டிவிடலாம். வங்காள விரிகுடாவின் வடபகுதியில் இதை நேராகவே காணலாம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் மேல்மட்டத்தில் உப்பு குறைவு, ஆகவே குளிர்காலத்தில் மேலே இருக்கும் நீர் அடியில் உள்ளதைவிடக் குளிர்ந்திருந்தாலும் கீழே இறங்காமல் மேலேயே நிற்கிறது.

கணக்கிலும் ஒரு தவறு உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உப்பு, எனவே அடர்த்தி 1.1 என்று எழுதிவிடுவார்கள். கரைசலின் கொள்ளளவும் சுமார் 34 மில்லி கூடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். உண்மையான விடை 1.064 வாக்கில் வரும்.

விதைநெல் தேர்வுக்கு வருவோம், இங்கே தப்பினால் நட்டம் கைமேல். உப்புக் கரைசலில் நெல்லைக் கொட்டினால் பொக்கு மிதக்கும், நல்ல விதை மூழ்கும். கரைசல் போதிய அடர்த்தியில் இருக்கிறதா என்று பார்க்க, அதில் முட்டை மிதந்து, 25 பைசா அளவுக்கு மேலே தெரிய வேண்டும் என்பார்கள் (அந்த நாணயம் 2011லேயே செல்லாமல் போய்விட்டது, அளவு மட்டும் இன்னும் செல்லுபடி). முட்டை புதிதாக இருக்க வேண்டும். பழைய முட்டைக்குள் காற்று கூடியிருக்கும், குறைந்த உப்பிலேயே மிதந்துவிடும், நீங்களும் கரைசல் தயார் என்று நினைத்து நெல்லைக் கொட்டுவீர்கள், மிதக்க வேண்டிய பொக்கு நெல்லில் ஒரு பங்கு நல்ல விதையோடு சேர்ந்து மூழ்கும். கல்லுப்பைப் போட்டுவிட்டுச் சரியாகக் கலக்காமல் விட்டாலும் வம்புதான், அடியில் கனத்த கரைசல், மேலே வெறும் தண்ணீர், முட்டை நடுவில் தொங்கும். மூழ்கிய விதையை எடுத்த கையோடு மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள், உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

ஹைட்ரோமீட்டர் (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் அளவுகள் எந்த வெப்பநிலைக்குக் குறிக்கப்பட்டவை என்று பாருங்கள். வெயிலில் காய்ந்த உப்பளத்து நீரில் திருத்தம் செய்யாமல் படித்தால் அளவு குறைத்துத்தான் காட்டும்.

அப்புறம் ஐஸ். உப்பைத் தூவினால் ஐஸ் உருகும் என்று தெரிந்தவர்கள், உப்புத் தண்ணீரில் போட்டாலும் சீக்கிரம் உருகும் என்று அடித்துச் சொல்வார்கள். ஒரே சூட்டில் இரண்டு டம்ளர், ஒன்றில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் நன்றாகக் கரைத்த உப்புத் தண்ணீர், இரண்டிலும் நிறம் கலந்து உறையவைத்த ஐஸ் துண்டு; கலக்காமல் வைத்துப் பாருங்கள். நல்ல தண்ணீரில் உருகிய குளிர்ந்த நீர் நிறத்தோடு கீழே வழியும், அதன் இடத்துக்குச் சூடான நீர் வந்து ஐஸைத் தொடும். உப்புத் தண்ணீரில் உருகியது உப்பில்லாத நீர் என்பதால் ஐஸைச் சுற்றி மேலேயே தேங்கிக்கொள்ளும். அதனால் அந்த டம்ளர் ஐஸ்தான் கடைசியில் கரையும்.