தாடையை ஆட்டினால் விப்ராட்டோ வராது

நீண்ட கார்வையில் குரல் தானாக மெல்ல அலைவதை மேற்கத்திய இசையில் விப்ராட்டோ என்கிறார்கள். அந்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 முறை எழுகிறது. சுருதி, அரைச்சுரத்தில் பாதியளவு மேலேயும் அதே அளவு கீழேயும் போய் வந்தாலும், கேட்பவர் காதுக்கு நடுவிலுள்ள ஒரே சுரமாகத்தான் அது படுகிறது.

சென்னையில் இதைக் கற்க என்னிடம் வருபவர்களில் பலர் சிறு வயதிலேயே கர்நாடக இசையில் சரளி வரிசையும் வர்ணமும் பாடியவர்கள் என்பதால், முதல் குழப்பம் சுரத்தை அசைத்துப் பாடும் கமகத்தில்தான் தொடங்குகிறது. தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்கும்போது குரல் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் இடையே சென்று திரும்புகிறது. எதைத் தொட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை அறிந்தே பாடுகிறோம், அந்த அசைவு இல்லையென்றால் அது தோடியே அல்ல. விப்ராட்டோ ராகத்தின் அடையாளத்தைச் சுமப்பதில்லை. ஒவ்வோர் அலையையும் எண்ணி எண்ணிச் செய்யவும் முடியாது. கம்பிதம் என்னும் கமக அசைவில் ஊறிய குரல் ஆங்கிலப் பாடலின் நீண்ட சுரத்தில் அகலமாக ஊஞ்சலாடிவிடுகிறது. கமகம் ஏறாத ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் தம்புரா ஒலியோடு 'ஆ' என்று அகாரத்தில் அசையாமல் நிறுத்தும் சாதகம் இதற்கு நல்ல மருந்து.

நான் மிக அதிகமாகக் காண்பது தாடைத் தவறுதான். சென்ற ஆண்டு மயிலாப்பூரில் ஒரு கல்லூரி மாணவி என் எதிரே நின்று ஒரு சுரத்தை நீட்டினார். குரலின் ஒவ்வோர் அதிர்வுக்கும் காதிலிருந்த ஜிமிக்கி ஆடியது. இரண்டு விரல்களை முகவாயில் வைத்துக்கொண்டு மீண்டும் பாடச் சொன்னேன். அலை நின்றுபோய், கோடு போட்டதுபோல் நேரான குரல் மட்டும் வந்தது. (நானும் ஏறத்தாழ ஓராண்டு கண்ணாடி முன் தாடையை ஆட்டி, அதைத் திறமையென்று நம்பியவன்தான்.) விப்ராட்டோ பிறப்பது குரல்வளையில், குரல்நாண்களை இழுத்துத் தளர்த்தும் சிறு தசைகளில். தாடையும் நாக்கின் அடியும் இறுகியிருந்தால் அந்தத் தசைகளால் தாராளமாக இயங்க முடியாது.

வயிற்றை உந்தி உந்தி 'ஹ ஹ ஹ' என்று அதிர்வை வரவழைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. அதில் பெரிதும் ஏறி இறங்குவது ஒலியின் அளவே. மூச்சு சீராக வெளியேற வேண்டிய நேரத்தில் அதைத் துண்டு துண்டாக நறுக்கினால் குரலும் விரைவில் களைத்துவிடும். சீராகத் தட்டி வேகம் காட்டும் மெட்ரோனோம் கருவியை வைத்து இரு சுரங்களுக்கிடையே மாறி மாறிப் பாடி, வேகத்தைக் கூட்டுவது தொண்டையைத் தளர்த்த உதவுகிறது. ஆனால் வேகம் கூடினாலே விப்ராட்டோ வந்துவிட்டதாக எண்ணுபவர் ஆட்டுக்குட்டி கத்துவதுபோன்ற குரலில்தான் போய் நிற்பார்.

சுருதி சேராத இடத்தை அலையால் மூடுவதும், எக்கோ வைத்த மைக்கில் கேட்டுவிட்டு மகிழ்ந்துபோவதும் நம்மூர்ப் பழக்கங்கள். வெறும் கைப்பேசிப் பதிவு இரண்டையும் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாச் சுரத்திலும் விப்ராட்டோவைத் தூவுவது பிறகு வரும் சிக்கல். தேவாலயப் பாடகர் குழுவில் நான்கு குரல்களும் தத்தம் போக்கில் அகலமாக அலைந்தால் ஒத்திசை எங்கும் நிலைகொள்ளாது. டிசம்பரில் ஒரே வாரத்தில் சபாவிலும் கிறிஸ்துமஸ் கீதங்களிலும் பாடும் மாணவர்களை, பாடல் தாளில் பென்சிலால் நேர்க்கோடும் அலைக்கோடும் போட்டுவரச் சொல்கிறேன். முதல் தடவை தாள் முழுக்க அலையாக இருக்கும். ஒத்திகை முடிவதற்குள் பாதியை அழித்திருப்பார்கள்.