கீறலைப் போக்கப்போய்ப் பெயிண்டைப் போக்கிவிடாதீர்கள்: ஜீப் வைத்திருப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாகவும் கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் ஏறி இறங்கும் ஜீப்புகளில், பக்கவாட்டில் கீறல் விழாத வண்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தோட்டப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் ஒதுங்குவதற்கு இருக்கும் இடம் பெரும்பாலும் உண்ணிச்செடிப் புதர்தான். அதன் தண்டிலுள்ள வளைந்த சிறு முட்கள் முன் மட்கார்டு தொடங்கிப் பின்பக்கம் வரை வெள்ளைக் கோடு இழுத்துவிடும். இந்தக் கோடுகளில் பெரும்பாலானவை அஞ்சத்தக்கவை அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு டப்பா காம்பவுண்டும் (பெயிண்டைத் தேய்க்கும் பசை) பழைய பனியன் துணியுமாக வண்டிக்கு முன் உட்காரும் உரிமையாளர், முள் செய்யாத சேதத்தையும் செய்து முடித்துவிடுகிறார். அப்படிச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

தவறுகள் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்பதை நாம் உணர்வதில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் இன்றைய வண்டியில், தகரத்தின் மீது மின்முறையில் படியவைத்த துருத்தடுப்புப் பூச்சு, அதற்கு மேல் பிரைமர், பிறகு நிறம், கடைசியாகக் கண்ணாடி போன்ற கிளியர் கோட் என நான்கு அடுக்குகள் இருக்கும். இவை எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான். கிளியர் மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்தக் கிளியர்தான். கீறலைப் போக்குவது என்று நாம் சொல்வது உண்மையில் கீறலைச் சுற்றியுள்ள கிளியரைத் தேய்த்து, கீறலின் ஆழத்துக்குத் தாழ்த்துவதே. தேய்த்து எடுத்தது திரும்பி வராது.

ஆழம் பார்க்காமல் கை வைப்பது

முதல் தவறு, கீறல் எந்த அடுக்கு வரை போயிருக்கிறது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியைக் கழுவிய பின் கீறலின் மீது சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கோடு மறைந்து, காய்ந்ததும் மீண்டும் தெரிந்தால் அது கிளியரோடு நின்றுவிட்ட கீறல். அதன் ஓரங்களில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளத்தை நிரப்பும்போது சிதறல் குறைந்துவிடுகிறது. இதைப் பாலிஷால் சரிசெய்யலாம். அடுத்து, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெல்ல இழுங்கள். நகம் தடுக்கி நின்றால், பாலிஷ் மட்டும் போட்டு அதை முழுமையாக நீக்கும் எண்ணத்தைக் கைவிடுங்கள். உள்ளே வண்டியின் நிறம் அல்லாத சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமர் வெளிவந்துவிட்டது. பளபளப்போ செம்பழுப்போ தெரிந்தால் தகரமே வெளிவந்துவிட்டது. இவ்விரண்டுக்கும் தேவை நிரப்புதல், தேய்த்தல் அல்ல.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. கூலி ஜீப்பாக ஓடும் பழைய மஹிந்திரா கமாண்டர், மேஜர் வண்டிகளில் பலவும் ஒருமுறைக்கு இருமுறை பட்டறையில் பெயிண்ட் அடிக்கப்பட்டவை. அவற்றில் கிளியர் கோட் இல்லாமலே இருக்கலாம். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேயுங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால், ஒற்றைப் பூச்சு வண்டியில் அது இயல்பு. ஆனால் கிளியர் உள்ள புதிய வண்டியில் நிறம் ஏறினால் கிளியரைத் துளைத்துவிட்டீர்கள் என்று பொருள்; அந்தக் கணமே நிறுத்த வேண்டும். என் பழைய ஜீப்பின் கதவில் ஒட்டியிருந்த தாரைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்தபோது, தாரோடு சேர்ந்து கதவின் பச்சையும் துணிக்கு வந்தது. அதில் அடித்திருந்த நைட்ரோசெல்லுலோஸ் வகைப் பெயிண்ட் எத்தனை ஆண்டு காய்ந்திருந்தாலும் தின்னர் பட்டால் மீண்டும் கரையும் என்பதை அன்று அந்தக் கதவின் செலவில் கற்றுக்கொண்டேன்.

புழுதியோடு தேய்ப்பது, சமையலறைப் பொருட்களால் தேய்ப்பது

தோட்டப் பாதையின் செம்மண் புழுதியில் மணல் துகள் இருக்கிறது. காய்ந்த துணியால் அதைத் துடைப்பது, மிக நுண்ணிய உப்புத்தாளால் வண்டி முழுவதும் தேய்ப்பதற்குச் சமம். ஒரு கீறலைச் சரிசெய்ய வந்து வட்டவட்டமாக ஆயிரம் சிறு கீறல்களைப் போட்டுவிடுவோம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றை இறக்கி, சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கழுவி, அதன் பிறகே ஷாம்பூ கலந்த தண்ணீரில் துணியை வைக்க வேண்டும். பஞ்சைக் கழுவ ஒரு வாளி, சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி எனப் பிரித்துக்கொண்டால் மணல் மீண்டும் கதவுக்கு வராது. பாலிஷ் துணி கைதவறி மண்ணில் விழுந்துவிட்டால் உதறிவிட்டுத் தொடராதீர்கள். வேறு துணி எடுங்கள்.

பற்பசை கீறலைப் போக்கும் என்பது பாதி உண்மை. அதில் மெல்லத் தேய்க்கும் துகள்கள் இருப்பதால் மிக மெல்லிய கோடு சற்று மங்கும். ஆனால் அது பெயிண்டுக்காகச் செய்யப்பட்டதல்ல, தேய்த்த இடம் புகைமூட்டம் போல மங்கிப்போவதும் உண்டு. தேங்காய் எண்ணெய் இன்னும் தந்திரமானது. மலைக்கு மேலும் கீழும் பலரும் நம்பும் இந்த வைத்தியத்தில் கீறல் உடனே மறைந்துவிடும். மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையின் அதே காரணம்தான். இரண்டு முறை கழுவினால் கோடு திரும்பும், அதற்குள் எண்ணெயில் புழுதி படிந்து பசையாகியிருக்கும். பின்னர் அந்த இடத்தில் டச்-அப் பெயிண்ட் (கீறலை நிரப்பச் சிறு குப்பியில் வரும் பெயிண்ட்) வைக்க நேர்ந்தால், எண்ணெய் உள்ள இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் சிறு குழிகளாக விலகி நிற்கும். மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும்.

உப்புத்தாளில் நிகழும் தவறுகள்

மிகுந்த சேதம் விளைவது இங்கேதான். ஹார்டுவேர் கடையில் "வாட்டர் பேப்பர்" என்று கேட்டால் கையில் கிடைப்பது 400 அல்லது 600 எண் தாளாக இருக்கலாம். எண் குறையக் குறையத் தாள் சொரசொரப்பானது; இது பள்ளத்தை நிரப்பும் பட்டியைத் தேய்ப்பதற்கானது. அதைக் கிளியரின் மீது நான்கு முறை இழுத்தால் உண்டாகும் கோடுகளை வீட்டில் எடுக்க முடியாது. கிளியரில் நின்ற கீறலுக்கு 2000 எண்ணுக்குக் குறைந்த தாளை எடுக்கவே கூடாது. தாளைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு சொட்டு ஷாம்பூ விட்டு, தேய்க்கும்போதும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த தாளில் பெயிண்ட் துகள்கள் சிறு உருண்டைகளாகத் திரண்டு, தாமே புதுக் கீறல் போடும்.

தாளை விரல் நுனியால் அழுத்தித் தேய்ப்பது அடுத்த பிழை. விரலின் அழுத்தம் ஒரே இடத்தில் விழுவதால் கீறல் இருந்த இடத்தில் ஓடை போன்ற பள்ளம் உண்டாகும். சாய்வு வெயிலில் அது கீறலைவிட அசிங்கமாகத் தெரியும். சிறிய ரப்பர் கட்டையில் தாளைச் சுற்றி, கையின் எடைக்கு மேல் அழுத்தாமல், ஒரே திசையில் தேய்ப்பதே முறை. பத்து இழுப்புக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள். வடியும் நீர் பால் போலிருந்தால் கிளியர்தான் தேய்கிறது. நிறம் கலந்தால் நிறுத்துங்கள். கீறல் முற்றிலும் மறையும்வரை தேய்க்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். முக்கால்வாசி மங்கியதும் 3000 எண் தாளுக்கு மாறி, பிறகு காம்பவுண்ட், பிறகு மென்மையான பாலிஷ் என வந்தால், மீதியுள்ள மெல்லிய கோடு நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வாரம் மீண்டும் புதருக்குள் போகப்போகும் வண்டிக்கு அவ்வளவு போதும் என்பது என் கருத்து.

மெஷினும் வெயிலும்

ஜீப்பின் உடல் காரைப் போல வழுவழுப்பான வளைவுகளால் ஆனது அல்ல; மடிப்புகளும் கூரான விளிம்புகளும் வெளியே தெரியும் கீல்களும் நிறைந்தது. விளிம்புகளில் பெயிண்ட் எப்போதும் மெல்லிதாகவே நிற்கும். சுழலும் பஃபிங் மெஷினையோ, அதைவிட மோசமாக டிரில் மெஷினில் பொருத்திய பஞ்சு வட்டையோ விளிம்பில் வைத்தால், சில நொடிகளிலேயே பிரைமர் தெரிந்துவிடும். விளிம்புகளுக்கும் கீல்களுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, அங்கே கையால் மட்டும் வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக் பம்பருக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். தகரத்தைப் போலச் சூட்டைப் பரப்பிவிடாமல் அது ஓரிடத்திலேயே சூடேறும்.

சித்திரை வெயிலில் போடியில் பானட் மீது கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் காம்பவுண்ட் தேய்க்கும் முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நிழலில் நிறுத்தி, தகரம் குளிர்ந்த பின்பே தொடங்க வேண்டும்.

சக்கர வளைவுகளின் மேலுள்ள சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக்கில் காம்பவுண்ட் பட்டால் வெள்ளையாகக் குழிகளில் தங்கிவிடும். அதையும் டேப்பால் மறையுங்கள். மேட் பெயிண்ட் உள்ள வண்டிக்குப் பாலிஷே கூடாது, தேய்த்த இடம் மட்டும் பளபளத்துத் திட்டாகத் தெரியும்.

தகரம் வெளிவந்த கீறல்

துருவின் மேலேயே டச்-அப் பெயிண்ட் பூசுவது பரவலான தவறு. உள்ளே துரு வளர்ந்து, அடுத்த தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள் பெயிண்ட் கொப்பளித்துவிடும். துருவை முழுதும் சுரண்டித் தேய்த்து எடுத்து, தகரத்துக்கு ஏற்ற பிரைமரை முதலில் வைக்க வேண்டும். நிறத்தைக் கண்ணளவில் தேர்ந்தெடுக்காமல், வண்டியில் ஒட்டியுள்ள வில்லையில் இருக்கும் பெயிண்ட் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். குப்பியோடு வரும் தூரிகை கீறலுக்குப் பருமனானது. பல்குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் மெல்லிய பூச்சாக வைத்து, காயவிட்டு, மீண்டும் வைத்து, மேற்பரப்பைவிட இம்மியளவு உயரும்வரை நிரப்ப வேண்டும். ஒரு வாரமாவது பொறுத்து 2500 எண் தாளால் அந்த மேட்டை மட்டும் சமன்செய்யலாம்.

இந்த வேலையைப் பூப்பாறை, சூரியநெல்லிப் பக்கத்து மூடுபனியில் செய்யாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பெயிண்ட் வெண்மையாகப் பூத்துவிடும். மழை இல்லாத நாளில், ஈரம் குறைந்த முற்பகலில், மலையடிவாரத்தில் செய்வதே நல்லது. ஹார்டனர் கலந்த இரட்டைக் கலவைக் கிளியரை வீட்டு முற்றத்தில் ஸ்பிரே செய்வதும் கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிப்பது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. அந்த அளவுக்குப் பெரிய சேதம் என்றால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். ஆனால் ஒரே ஒரு கீறலுக்காக இன்சூரன்ஸ் கோரும் முன் கணக்குப் பாருங்கள்: கோரிக்கையில்லா ஆண்டுகளுக்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடியை ஒரே கோரிக்கையில் இழக்க நேரலாம்.

பட்டறையில் புதிதாக அடித்த பகுதிக்கு உடனே மெழுகு பூசாதீர்கள்; உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற ஒரு மாதமாவது விடுங்கள். கதவின் அடிவிளிம்பில் நீங்கள் சரிசெய்த இடத்தில் மீண்டும் மீண்டும் கொப்பளம் வந்தால், அது வெளியிலிருந்து வந்த துருவாக இல்லாமலிருக்கலாம். கதவுக்கு அடியிலுள்ள நீர் வடியும் துளைகளைச் சேறு அடைத்திருக்கிறதா என்று ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.