டுப்ரோவ்னிக்கைக் கடல்வழியே காண: ஒரு வாரப் பயணத்துக்குப் படகு அமர்த்தும் முறை

குரோஷியாவின் தென்கோடியில் உள்ள டுப்ரோவ்னிக் நகரின் நடுவீதியான ஸ்ட்ராடூன் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. ஒரு பக்கம் பாறைத் தீவில் ஒரு குடியிருப்பும், எதிரே மலையடிவாரத்தில் இன்னொரு குடியிருப்பும் இருக்க, இடையே கிடந்த ஒடுங்கிய நீர்ப்பரப்பைத் தூர்த்துத்தான் இரண்டையும் ஒரே ஊராக்கினார்கள். அப்படிப் பிறந்த நகரம், ரகூசா என்ற பெயரில் 1358 முதல் 1808 வரை தனிக் குடியரசாக, கப்பல்களையும் உப்பையும் பேச்சுவார்த்தையையும் நம்பி வாழ்ந்தது. அதன் துறைமுகம், கோட்டைகள், நோய்த்தடுப்பு இல்லங்கள், உப்பளங்கள், செல்வந்தர்களின் கோடை மாளிகைகள் எல்லாம் கடலை நோக்கியே அமைந்திருக்கின்றன. பேருந்தில் வந்து பிலே வாசல் வழியாகக் கூட்டத்தோடு உள்ளே போவது, ஒரு பெரிய வீட்டுக்குள் கொல்லைப்புறமாக நுழைவதைப் போன்றது. ஒரு வாரம் படகு அமர்த்திக்கொண்டு இந்த நகரத்தை அதன் முன்வாசல் வழியாகப் பார்க்க விரும்புவோருக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எப்போது போவது, எந்தப் படகை எடுப்பது

மே இறுதி முதல் ஜூன் வரையும், செப்டம்பர் மாதமும் மிகப் பொருத்தமான காலங்கள். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வாடகை உச்சத்தைத் தொடும். தீவுத் துறைகளில் பிற்பகலிலேயே இடம் நிறைந்துவிடும். ஆனால் 1950 முதல் நடந்துவரும் கோடை விழா ஜூலை 10 அன்று தொடங்கி ஆகஸ்டு 25 வரை நீள்வதால், கோட்டை முற்றங்களில் நாடகமும் இசையும் கேட்க விரும்புவோர் அந்த நெரிசலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தக் கரையில் வாடகை பெரும்பாலும் சனிக்கிழமை மாலை தொடங்கி அடுத்த சனிக்கிழமை காலை முடியும் வாரக் கணக்கில்தான் தரப்படுகிறது. படகை மட்டும் எடுத்து நாமே ஓட்டலாம். படகோடு, அதை ஓட்டும் ஸ்கிப்பர் ஒருவரைச் சேர்த்து எடுக்கலாம். சமையற்காரர் உட்பட முழுப் பணியாளர்களோடு, குலெட் எனப்படும் பெரிய மரக்கலத்தையும் அமர்த்தலாம். முதல் முறை வருபவர்கள் இரண்டாவது வழியைத் தேர்வதே நல்லது. நாமே ஓட்டுவதென்றால், குரோஷிய அரசு ஏற்கும் சான்றிதழ்களின் பட்டியலில் உள்ள படகோட்டும் உரிமமும், கப்பல்கள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் வானொலியை இயக்கும் சான்றும் படகில் ஒருவரிடமாவது இருக்க வேண்டும். இவை இல்லாதவரிடம் சாவியைத் தரமாட்டார்கள். ஸ்கிப்பரை அமர்த்தினால் இந்தக் கவலை இல்லை. காற்றையும் துறைகளையும் அறிந்த ஒரு உள்ளூர்க்காரரும் ஒரு வாரம் நம்மோடு இருப்பார். அவருக்குத் தனிப் படுக்கையும் வேளாவேளைக்கு உணவும் தருவது நம் பொறுப்பு என்பதால், அறைகளை எண்ணும்போது அவரையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு மூன்று அறைகள் கொண்ட, ஏறத்தாழ 40 அடி நீளப் பாய்மரப் படகு போதும். முதியவர்களோ குழந்தைகளோ உடன் இருந்தால், இரட்டை உடல் கொண்ட கேட்டமரான் குறைவாகச் சாய்வதால் வசதியாக இருக்கும். ஆனால் அதன் அகலத்தால் துறைக் கட்டணம் கூடும், சிறிய துறைகளில் இடம் கிடைப்பதும் கடினம்.

பணமும் தாள்களும்

விளம்பரத்தில் காணும் வாடகை முழுச் செலவாகாது. இறுதித் துப்புரவுக் கட்டணம், ஸ்கிப்பரின் நாட்கூலி, எரிபொருள், துறைக் கட்டணம், சுற்றுலா வரி ஆகியவை தனி. இவற்றோடு, படகுக்குச் சேதம் ஏற்பட்டால் பிடித்துக்கொள்வதற்கான பிணைத்தொகை ஒன்று கடன் அட்டையில் நிறுத்தி வைக்கப்படும். திரும்பக் கிடைக்காத சிறிய தொகையைக் கட்டி அந்தப் பிணையைக் குறைத்துக்கொள்ளும் காப்பீட்டையும் பல நிறுவனங்கள் தருகின்றன. முழுப் பணியாளர்களோடு வரும் பெரிய கலங்களில், வாடகையில் 25 முதல் 30 விழுக்காடு வரை முன்பணமாக வாங்கிக்கொண்டு, எரிபொருளும் உணவும் துறைக் கட்டணமும் அதிலிருந்து செலவழிக்கப்பட்டு, பயண முடிவில் கணக்கு ஒப்படைக்கப்படும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இந்த ஒவ்வொரு செலவும் யாரைச் சேரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது அவசியம். பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும்.

குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று, ஐரோப்பிய நாடுகள் தமக்குள் எல்லைச் சோதனையின்றிச் சென்றுவரும் ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் இணைந்தது. ஆகவே இந்தியா, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. தெற்கே மொண்டெனேகுரோவின் கோட்டோர் விரிகுடா அருகிலேயே அழகாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு நாள் போய் வந்தாலும், ஷெங்கன் எல்லையைத் தாண்டித் திரும்ப நுழைந்ததாகிவிடும். ஒரு முறை மட்டும் நுழையும் விசா அதற்குச் செல்லாது. படகில் இருக்கும் அனைவரின் பெயரும் கடவுச்சீட்டு விவரமும் கொண்ட பட்டியலைப் படகு நிறுவனம் முன்கூட்டியே கேட்கும். அதில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உணவுக்கும் ஒரு விதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரக் கூடாது என்பதால், நெய்யும் பால் இனிப்புகளும் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்று கேட்பார்கள். தேங்காய்க்கு அந்தச் சான்று வேண்டியதில்லை. மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, பருப்பு ஆகியவற்றைக் கொண்டுபோனால், கிரூஷ் துறைமுகத்தை ஒட்டிய காலைச் சந்தையில் காய்கறியும் மீனும் வாங்கிப் படகிலேயே நம் ருசிக்குச் சமைக்கலாம். கொனோபா எனப்படும் உள்ளூர் உணவகங்களில் மீன் உணவுகளே அதிகம். மரக்கறி உண்பவர்கள், கீரையையும் உருளைக்கிழங்கையும் ஆலிவ் எண்ணெயில் சேர்த்துத் தரும் பிளிட்வாவைக் கேட்டு வாங்கலாம்.

படகை ஏற்றுக்கொள்ளும் நேரம்

டுப்ரோவ்னிக் பகுதியின் முதன்மையான படகுத்துறை நகருக்கு வடக்கே, ஓம்ப்லா ஆறு மலையடியிலிருந்து பீறிட்டு வரும் இடத்துக்கு அருகே, கொமோலாட்ஸ் ஊரில் இருக்கிறது. அதன் வளாகத்துக்குள்ளேயே சோர்கோசெவிச் குடும்பத்தின் 16-ஆம் நூற்றாண்டுக் கோடை மாளிகை நிற்கிறது.

அந்த மாளிகையைச் சுற்றிப் பார்க்கும் ஆவலை ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டுவிட்டு, முதலில் படகைச் சோதியுங்கள். உடற்பகுதியில் ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படம் எடுத்து, ஒப்படைப்புத் தாளில் குறிக்கச் செய்யுங்கள். நங்கூரத்தை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பார்த்து, சங்கிலி எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். உயிர்காப்புச் சட்டைகள் ஆளுக்கொன்று, அளவுக்கேற்ப இருக்கின்றனவா, துணைப்படகின் இயந்திரம் ஓடுகிறதா, கழிவுத் தொட்டியின் அடைப்பான் எங்கே இருக்கிறது, சமையல் வாயுவை எங்கே மூடுவது என்பவற்றை ஸ்கிப்பர் இருந்தாலும் நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். விஎச்எஃப் வானொலியில் அவசர அழைப்புக்கு 16-ஆம் அலைவரிசை; தொலைபேசியில் கடல் மீட்புப் பணிக்கு 195. இந்த இரண்டு எண்களும் படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

காற்று

நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் இருப்பதைப் போல, இங்கும் மூன்று காற்றுகளின் பெயரை அறியாமல் பயணத்தைத் திட்டமிட முடியாது. மாயெஸ்திரால் கோடையின் நல்ல காற்று. முற்பகலில் வடமேற்கிலிருந்து எழுந்து, பிற்பகலில் வலுத்து, பொழுது சாயும்போது அடங்கிவிடும். பாய்விரிப்பதற்கு இதுவே உகந்தது. வடகிழக்கு மலைகளிலிருந்து திடீரென்று இறங்கி அறையும் குளிர்ந்த காற்று பூரா. அது வருவதாக வானிலை அறிக்கை சொன்னால் பாதுகாப்பான துறையை விட்டு நகரக் கூடாது. யூகோ தென்கிழக்கிலிருந்து இரண்டு மூன்று நாட்கள் மெல்ல வலுத்துப் பெரிய அலையையும் மழையையும் கொண்டுவரும். யூகோ வீசும் நாட்களில் மனிதரின் புத்தி நிதானமாக இராது என்பதால் ரகூசாவின் ஆட்சி மன்றம் முக்கிய முடிவுகளை எடுக்காது என்று உள்ளூரில் சொல்வார்கள். படகுப் பயணிக்கும் அது பொருந்தும். ஏழு நாளில் ஒரு நாளையாவது எந்த ஊருக்கும் ஒதுக்காமல், காற்றுக்காக விட்டு வையுங்கள்.

நகரத்தைப் பார்க்கும் வழி

முதல் இரவைத் துறையிலேயே கழித்துவிட்டு, ஞாயிறு விடியும் முன்பே கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. கிரூஷைக் கடந்து, லாபாட் தீபகற்பத்தைச் சுற்றிக் கிழக்கே திரும்பினால், மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அப்போது உல்லாசக் கப்பல்களின் கூட்டம் இன்னும் இறங்கியிராது. ஒரே நேரத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று நகரம் 2019-இல் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகும், முற்பகலில் வாசல்களில் நெரிசல்தான்.

மேற்கிலிருந்து வரும்போது முதலில் எதிர்ப்படுவது, 37 மீட்டர் உயரப் பாறைமேல் தனித்து நிற்கும் லோவ்ரியெனாட்ஸ் கோட்டை. கடலைப் பார்க்கும் அதன் சுவர் 12 மீட்டர் வரை தடிமன் கொண்டது. நகரத்தைப் பார்க்கும் சுவரோ 60 செண்டிமீட்டர்தான். கோட்டைத் தலைவன் என்றாவது நகரத்துக்கே எதிராகத் திரும்பினால், நகரத்தின் பீரங்கியால் அதை எளிதில் உடைத்துவிடலாம் என்ற முன்யோசனை. குடியரசின் தலைவரையே மாதம் ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்த ஊர் அது. வாசலுக்கு மேல் லத்தீனில், எல்லாப் பொன்னையும் கொடுத்தாலும் விடுதலையை விற்பது தகாது என்று பொறித்து வைத்திருக்கிறார்கள்.

அங்கிருந்து மதிலின் கடற்பக்கம் தொடங்குகிறது. மொத்தம் 1940 மீட்டர் நீளமுள்ள இந்த மதிலின் தென்பகுதி பாறையோடு பாறையாக எழுவதைப் படகிலிருந்தே முழுமையாகக் காண முடியும். கிழக்கே திரும்பியதும் புனித இவான் கோட்டையும், அதன் எதிரே காஷே என்னும் அலைதாங்கியும். இரண்டுக்கும் இடையே சங்கிலி கட்டித்தான் இரவில் துறைமுகத்தை அடைத்தார்கள். காலை வெயில் இந்தப் பக்கத்தில் விழுவதால், சற்று நேரம் இயந்திரத்தை அடக்கி இங்கே நின்று பார்க்கத் தவறாதீர்கள். பழைய துறைமுகத்தில் வாடகைப் படகுகள் தங்க இடமில்லை. எதிரே உள்ள லோக்ரும் தீவு பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. அங்கு இரவு தங்குவதற்கு யாருக்கும் அனுமதி இல்லை. எங்கே நங்கூரமிடலாம் என்பதை ஸ்கிப்பர் துறைமுக அதிகாரியின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும்.

நகரத்துக்குள் நடப்பதற்கு, ஏறக்குறைய 7 கடல் மைல் தென்கிழக்கே உள்ள சாவ்தாத்தில் படகைக் கட்டிவிட்டு, அங்கிருந்து பழைய துறைமுகத்துக்கே ஓடும் பயணிகள் படகில் வருவதுதான் சிறந்தது. சாவ்தாத்துக்கு எதிரே மிர்கான், பொபாரா, சுபெதார் என்று மூன்று சிறு தீவுகள் உண்டு. கொள்ளைநோய் பரவிய ஊர்களிலிருந்து வருபவர்கள் மிர்கானிலோ சாவ்தாத்திலோ ஒரு மாதம் தங்கிய பிறகே நகருக்குள் வரலாம் என்று 1377-இல் ரகூசா சட்டம் இயற்றியது. தனிமைப்படுத்தல் என்று இன்று உலகம் அறிந்த ஏற்பாட்டின் முதல் சட்டங்களில் அது ஒன்று. துறைமுகத்துக்குள் நுழையும்போது வலப்பக்கம் தெரியும் வரிசையான கற்கூடங்கள், அதே நோக்கத்துக்காகப் பிற்காலத்தில் எழுப்பப்பட்ட லாசரெட்டி. இதே நீர்வழியில் வந்தால்தான் அன்றைய மாலுமி எதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான் என்பது புரிகிறது.

கரையேறியதும் வெயில் ஏறுவதற்குள் மதில்மேல் நடந்துவிடுங்கள். அந்தச் சீட்டிலேயே லோவ்ரியெனாட்ஸும் அடக்கம். மேலிருந்து பார்த்தால் பெரும்பாலான கூரை ஓடுகள் பளிச்சென்றும், சில மங்கியும் தெரியும். 1991 அக்டோபரில் தொடங்கிய முற்றுகையிலும், குறிப்பாக டிசம்பர் 6 அன்று விழுந்த குண்டுகளிலும் சிதைந்த கூரைகளுக்குப் போட்ட புது ஓடுகள்தான் அந்தப் பளிச்சென்றவை.

மற்ற நாட்கள்

நகரத்துக்கு வடமேற்கே கோலோசெப், லோபுட், ஷிபான் ஆகிய தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கின்றன. லோபுட்டில் பிறந்த கப்பல் வணிகர் மிஹோ பிராட்சாட் தன் செல்வத்தைக் குடியரசுக்கு விட்டுச் சென்றார். பிரபு குலத்தில் பிறவாத ஒருவருக்கு அந்தக் குடியரசு வைத்த ஒரே சிலை அவருடையது. நகரத்தில் தலைவரின் மாளிகை முற்றத்தில் அதைப் பார்த்துவிட்டு இங்கு வந்தால் ஊர் வேறு விதமாகத் தெரியும். ஷிபான்ஸ்கா லூகா அமைதியான இரவுத் துறை. மேற்கே மிலியெட் தீவில், 1960 முதல் தேசியப் பூங்காவாக உள்ள காட்டின் நடுவே இரண்டு உப்புநீர் ஏரிகளும், ஒன்றின் நடுத்தீவில் பழைய மடாலயமும் இருக்கின்றன; போலாச்சே விரிகுடாவில் ரோமானிய மாளிகையின் இடிபாட்டுக்கு எதிரிலேயே நங்கூரமிடலாம். கடல்தரையில் பச்சைப்புல்லாகத் தெரியும் பொசிடோனியாவைத் தவிர்த்து, வெறும் மணல் உள்ள இடத்திலேயே நங்கூரத்தை இறக்க வேண்டும்.

உப்பள ஊரான ஸ்டோனுக்கு அவசியம் ஒரு நாள் கொடுங்கள். 1333-இல் ரகூசா இந்த ஊரைப் பெற்றதும், மலைமேல் 5 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மதிலை எழுப்பியதும், உப்பளங்களுக்காகத்தான். பாத்திகளில் இன்றும் உப்பு விளைகிறது. உள்ளே போகும் நீர்வழி ஒடுங்கலானது. படகின் ஆழத்தைப் பார்த்து, போவதா வேண்டாமா என்பதை ஸ்கிப்பரே தீர்மானிக்கட்டும். கோபாஷ் விரிகுடாவின் உணவகத் துறைகளில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பதிவு செய்துகொண்டால், பெரும்பாலும் கட்டணமின்றிப் படகைக் கட்டவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் கொமோலாட்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும். எரிபொருள் நிரப்ப எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும் என்பதால், பிற்பகல் 3 மணிக்கு முன்பே அங்கு போய்ச் சேருங்கள். நிரப்பிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முத்துக்குளிப்பவரைப் போல ஒருவர் நீரில் இறங்கி, அடிப்பகுதியையும் சுக்கானையும் சோதித்துவிட்டு வந்து சொல்லும்போது நீங்களும் மேல்தளத்தில் இருந்து கேளுங்கள்; குறை ஏதும் இல்லை என்று தாளில் எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.