ஆறாத உதட்டு வெடிப்பு: எதைத் தடவுவது, அதற்கு முன் எதை நிறுத்துவது

லிப் பாம் நாலு மாற்றியாயிற்று, நெய் தடவியாயிற்று, தொப்புளில் தேங்காய் எண்ணெய் விட்டுப் படுத்தாயிற்று, மார்கழிப் பனி போய் மாசியும் பிறந்தாயிற்று. உதடு மட்டும் இன்னும் உரிந்துகொண்டே இருக்கிறது. வெறும் பனிக்கால வெடிப்பென்றால் ஒழுங்காகத் தடவினாலே பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும். மூன்று வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால், ஏதோ ஒன்று தினமும் அதைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. அது எது என்று பிடிக்காமல் மேலே மேலே தடவுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

(தொப்புள் எண்ணெயால் கெடுதல் ஒன்றும் இல்லை. உதட்டுக்கு அங்கிருந்து எதுவும் போய்ச் சேர்வதும் இல்லை. அந்த எண்ணெயை நேராக உதட்டிலேயே தடவிவிடலாம்.)

உதட்டின் சிவந்த பகுதியில் மேல்தோல் மிக மெல்லியது. வியர்வைச் சுரப்பி கிடையாது, எண்ணெய்ச் சுரப்பியும் ஏறக்குறைய இல்லை. முகத்தின் மற்ற இடங்களில் தோல் தானாகவே ஒரு எண்ணெய்ப் பூச்சு போட்டுக்கொள்ளும். உதட்டுக்கு அந்த வசதி இல்லை. அதனால் ஈரம் சீக்கிரம் போய்விடும், மேலே படுகிற எதுவும் சீக்கிரம் உள்ளே இறங்கும். காய்ந்ததும் நாக்கு தானாக அங்கே போகும். எச்சில் பட்ட நொடி இதமாக இருக்கும். அது ஆவியாகும்போது உதட்டில் இருந்த ஈரத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். போதாததற்கு, சோற்றைச் செரிக்க வைத்திருக்கிற நொதிகள் அந்த எச்சிலில் இருக்கின்றன. ஒரு மணி நேரத்துக்கு இருபது தடவை நக்கினால் எந்தத் தோலும் தாங்காது.

முதலில் பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, புண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். உதட்டைச் சுற்றித் தோலிலும் வட்டமாகச் சிவந்தோ கறுத்தோ இருந்தால் நக்கும் பழக்கம். பள்ளிப் பிள்ளைகளிடம் இது மிகச் சாதாரணம். இரண்டு உதடும் முழுக்க எரிந்து உரிந்தால் பற்பசை, லிப் பாம், லிப்ஸ்டிக் மீது சந்தேகப்படுங்கள். கடைவாய், அதாவது இரண்டு உதடும் சேரும் ஓரம், மட்டும் வெடித்திருந்தால் அது வேறு கதை, கீழே தனியாகச் சொல்லியிருக்கிறது. கீழுதடு மட்டும் சொரசொரப்பாக வெளுத்திருந்தால் வெயில். காலையில் எழும்போது மோசமாகவும் மதியத்துக்குள் கொஞ்சம் தேறியும் இருந்தால், இரவில் வாயால் மூச்சு விடுகிறீர்கள். ஏசியையோ முகத்துக்கு நேரான மின்விசிறியையோ திருப்பி வைப்பது முதல் வேலை. மூக்கடைப்பு தீராவிட்டால், குறிப்பாகக் குழந்தை குறட்டையும் விட்டால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டு வாரப் பத்தியம்

காரணம் எதுவாக இருந்தாலும் தொடக்கம் இதுதான். பதினான்கு நாள், உதட்டில் ஒரே ஒரு பொருள் மட்டும்: மணமோ நிறமோ சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. கடையில் வாஸ்லின் என்று கேட்டாலே கொடுப்பார்கள். வாங்கும்போது ‘லிப் கேர்’ என்று மணம் போட்ட டப்பாவை எடுத்துவிடாதீர்கள். லிப்ஸ்டிக், லிப் பாம், தேன், எலுமிச்சை, சர்க்கரை போட்டுத் தேய்ப்பது எல்லாம் நிறுத்தம். அதிலும் அந்தச் சர்க்கரைத் தேய்ப்பு, ஏற்கெனவே உரிந்த தோலில் மணல் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். தேனோ இனிக்கும், இனித்தால் நாக்கு சும்மா இருக்குமா?

ஒரு தடவைக்குப் பச்சைப்பயறு அளவு போதும். காலையில் பல் தேய்ப்பதற்கு முன், தேய்த்த பின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பின், வெளியே கிளம்பும்போது, படுக்கும்போது என்று நாளுக்கு ஏழெட்டு முறை. படுக்கும்போது மட்டும் இரண்டு மடங்கு தடிமனாக. தடவும் முன் உதட்டைத் தண்ணீரில் ஒற்றி, லேசாக ஈரம் இருக்கும்போதே தடவ வேண்டும். காய்ந்த உதட்டில் போட்டால் அடைத்து வைக்க உள்ளே ஈரமே இருக்காது. நக்கத் தோன்றும்போதெல்லாம் இதைத் தடவுவது என்று வைத்துக்கொண்டால் நாக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். சித்திரை வெயிலில் இளகி வழியும். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி.

தொங்கும் தோலைப் பிய்க்கவே கூடாது. பிய்க்கும்போது செத்த தோல் மட்டும் வராது; அதோடு ஒட்டியிருக்கிற உயிருள்ள தோலும் கீற்றாகக் கிழிந்து வரும், ரத்தம் கசியும், மறுநாள் அதே இடத்தில் பொருக்கு. மெல்லிய பருத்தித் துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிடம் உதட்டின் மேல் வையுங்கள். ஊறியதும் தானாக வருவது வரட்டும். இடறிக்கொண்டே இருக்கும் நுனியைச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடலாம்.

முதல் நாலைந்து நாள் பெரிய மாற்றம் தெரியாது, உரிவதும் நிற்காது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். குளுகுளுவென்று இருக்கிறதே என்று பழைய மெந்தால் லிப் பாமுக்குத் திரும்பிவிடுவார்கள். மெந்தாலும் கற்பூரமும் தருவது குளிர்ச்சி மாதிரியான ஓர் உணர்வு, அவ்வளவுதான். வெடித்த தோலை அவை உறுத்தும், எரியும், மறுபடி தடவச் சொல்லும்.

நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய்? கெடுதல் இல்லை, ஆனால் நிற்காது; அரை மணி நேரத்தில் நாக்கோடு போய்விடும். எண்ணெய் பிடித்தமானால் அதை முதலில் தடவி அதன்மேல் வாஸ்லின் போடலாம். கடை வெண்ணெயில் உப்பு இருக்கலாம், எரியும். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வார்கள். உடம்பில் நீர் குறைந்தால்தான் அது உதவும். ‘உடம்பு சூடு’ என்று இளநீரில் நிறுத்திக்கொள்கிறவர்கள், பெரும்பாலும் பற்பசையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பற்பசை

இதுதான் வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஆள். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்பேட் உதட்டின் எண்ணெய்ப் பசையைக் கழுவிவிடும். புதினா, லவங்கப்பட்டை, கிராம்பு வாசனைகள் சிலருக்கு ஒவ்வாமையே உண்டாக்கும். மூலிகைப் பற்பசை என்றால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். கிராம்பும் பட்டையும் அதில்தான் அதிகம். பத்திய நாட்களில் சல்பேட்டும் புதினாவும் இல்லாத, ஆனால் ஃபுளோரைடு உள்ள பற்பசைக்கு மாறுங்கள். பட்டாணி அளவு போதும். தேய்த்து முடித்ததும் கடைவாயில் தங்கும் நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாய் கொப்பளிக்கும் மருந்தையும் நிறுத்துங்கள். பல் மருத்துவர் எழுதிக் கொடுத்ததாயிருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டு.

சாப்பாட்டில் ஊறுகாய், காரச் சிப்ஸ், அன்னாசி, எலுமிச்சை கொஞ்ச நாள் வேண்டாம். வெற்றிலை போடுகிறவர்களுக்குச் சுண்ணாம்பு உதட்டில் பட்டால் வெந்துபோகும்.

மாம்பழக் காலத்தில் மட்டும் வருகிற உதட்டுப் புண்ணைப் பலர் சூடு என்றே நினைக்கிறார்கள். மாங்காயின் காம்பைக் கிள்ளினால் பீய்ச்சுகிற பாலிலும் தோலிலும் ஒவ்வாமை தரும் பொருள் இருக்கிறது. வண்ணான் துணியில் குறி போடப் பயன்பட்ட சேராங்கொட்டையும் முந்திரிக்கொட்டை ஓடும் தோலைப் பொத்துவிடுவது தெரிந்ததுதானே; மூன்றும் ஒரே குடும்பம். சிக்கல் என்னவென்றால், கடித்துச் சாப்பிட்டு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் உதடும் வாயைச் சுற்றியும் அரித்துச் சிவக்கும். அதற்குள் மாம்பழம் மறந்துபோயிருக்கும். காம்பை வெட்டிக் கவிழ்த்து வைத்துப் பால் வடியவிட்டு, கழுவி, தோல் சீவி, துண்டு போட்டுக் கரண்டியால் சாப்பிட்டால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு வராது. சீவுகிற வேலையை வேறொருவர் செய்தால் இன்னும் நல்லது.

கடைவாய் வெடிப்பு

இது காய்ந்து வருவது இல்லை, ஊறி வருவது. எச்சில் மடிப்பில் தேங்கி, தோல் ஊறி வெளுத்து, அதில் கேண்டிடா என்கிற பூஞ்சையோ பாக்டீரியாவோ குடியேறிவிடும். வாயைத் திறந்தால் கிழிவதும், ஆறி ஆறித் திரும்ப வெடிப்பதும் இதனால்தான். இங்கே வாஸ்லின் மட்டும் போதாது. துணியால் ஒற்றி நன்றாகக் காயவைத்து, 1 சதவீத க்ளோட்ரிமசோல் கிரீமை மெல்லிய படலமாகக் காலையும் இரவும் தடவ வேண்டும், இரண்டு வாரம். நாலு நாளில் ஆறிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். கிரீம் ஊறியபின் மேலே வாஸ்லின் போட்டால் எச்சில் படாது. தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது பாக்டீரியா. அதற்கு வேறு களிம்பு, மருத்துவர் எழுதித்தர வேண்டும்.

பல்செட் போட்டவர்கள் கடைவாயை மட்டும் வைத்தியம் பார்த்துப் பயனில்லை, பூஞ்சை பல்செட்டிலேயே தங்கியிருக்கும். இரவில் கழற்றி, தேய்த்துக் கழுவி, ஊறவைக்க வேண்டும். பல்செட் தேய்ந்து வாய் அதிகமாக மூடிக்கொள்வதாலும் மடிப்பு ஆழமாகும். பல் மருத்துவர் சரிசெய்வார்.

இதெல்லாம் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் ரத்தப் பரிசோதனை: சர்க்கரை, ஹீமோகுளோபின், கூடவே உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்பு இருப்பு தீர்ந்திருக்கலாம், மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களுக்கு முக்கியமாக. வைட்டமின் பி2 குறைந்தாலும் கடைவாய் வெடிக்கும், நாக்கும் சிவந்து எரியும். பால், தயிர், முட்டை, கீரை போதிய அளவு சேராத சாப்பாட்டில் இது நடக்கும். பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போவது அந்த பி2-வால்தான், பயம் வேண்டாம். மாத்திரை போட்டும் இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்றால் காரணம் வேறு.

மருந்துக்கடைக் களிம்பு

ஸ்டீராய்டு, பூஞ்சைக் கொல்லி, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த டியூப் ஒன்றை மருந்துக்கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். பெயரில் க்ளோபெடசோல், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் முகத்துக்கு வேண்டாம். இரண்டே நாளில் பளிச்சென்று ஆறும்; நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகும், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகச் சிவந்த பருக்கள் கிளம்பும். ஒவ்வாமை அழற்சிக்கு மருத்துவர் பெரும்பாலும் எழுதுவது 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன் களிம்பு, அதுவும் சில நாட்களுக்கு மட்டும்.

முதலில் ஓரிடம் சுருசுருவென்று, பிறகு குத்துக்குத்தாக நீர்க்கொப்புளம், பிறகு பொருக்கு என்று வந்தால் அது ஹெர்பிஸ் என்கிற வைரஸ் தொற்று. அதில் ஸ்டீராய்டு தடவவே கூடாது. ஏழு முதல் பத்து நாளில் தானாக ஆறும். சுருசுருப்பு தொடங்கும்போதே அசைக்ளோவிர் கிரீமை நாளுக்கு ஐந்து முறை தடவினால் கொஞ்சம் குறையும். முழுக்க ஆறும்வரை கைக்குழந்தைக்கு முத்தம் வேண்டாம்.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்களுக்கு உதடு வெடிப்பது ஏறக்குறைய நிச்சயம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், வாஸ்லினைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டு மருத்துவரிடம் சொன்னால் போதும்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. வயலிலோ கடலிலோ கட்டட வேலையிலோ வருடக்கணக்காக வெயில் பட்டவர், அல்லது புகையிலை போடுகிறவர். உதட்டில் ஒரே இடத்தில் மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, தடித்த கட்டி, தொட்டால் ரத்தம். வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். சின்னத் துண்டு எடுத்துப் பார்ப்பார்கள், புற்றுநோய்க்கு முந்தைய நிலையாகவும் இருக்கக்கூடும். வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு, உதடு ஆறியபின் எஸ்பிஎஃப் 30 (வெயில் தடுப்பு அளவு) உள்ள மணமில்லாத லிப் பாமும் விளிம்பு அகன்ற தொப்பியும்.

பத்தியம் முடிந்து உதடு தேறிவிட்டால், விட்ட பொருட்களை ஒவ்வொன்றாக, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்தபின் எரிகிறதோ அதுதான் ஆள். தேறவே இல்லையென்றால் தோல் மருத்துவரிடம் போகலாம். ஒவ்வாமை தரக்கூடிய பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒட்டுப் பரிசோதனை செய்வார். ஒட்டியதை இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்து, மேலும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. போகும்போது வீட்டில் உள்ள பற்பசை, லிப் பாம், லிப்ஸ்டிக், முகக் கிரீம், தடவிய களிம்புகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சேர்மானப் பட்டியல் பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும்.